கோமோ ஏரியில் எங்கே தங்குவது?

சென்ட் லோரன்ட்
6 பிப்ரவரி 2006

அன்பு மகள் பூர்ணாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மைனஸ் இருபத்தொன்று. நீ இருக்கும் டவுன்டவுனில் எப்போதும் இரண்டு டிகிரி கூட இருக்கும். அந்த இரண்டு டிகிரி அளவுக்காவது நீ எங்களைவிடச் சுகமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. வீட்டு போனை அம்மாதான் எடுப்பாள். வீட்டு ஈமெயிலையும் அவள்தான் திறப்பாள். திருநெல்வேலிச் சேதியெல்லாம் காபியோடு வாசித்து முடித்த பிறகுதான் எனக்கு நாற்காலி கிடைக்கும். ஆபீஸ் கணினியில் சொந்தக் காரியம் கூடாது. மிஞ்சியது தபால். பதிலை மேலே எழுதியிருக்கிற ஆபீஸ் முகவரிக்கே போடு. தமிழில் எழுது. கோயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உன்னை ஏழு வருஷம் உட்கார வைத்தது இதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

விஷயம் இதுதான். வரும் ஆவணியில் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறதே, மலையும் ஏரியுமாக, உனக்கு நினைவிருக்கும். அம்மா எப்போது போனாலும் அதற்கு எதிரில்தான் உட்காருவாள். ஒரு நாள், "இந்த மாதிரி எடத்துல ஒரு வாரம் சும்மா உக்காந்திருக்கணும்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அது இத்தாலியில் கோமோ ஏரி என்று விசாரித்துவிட்டேன். செப்டம்பரில் ஒரு வாரம் லீவும் எடுத்துவிட்டேன். அவளுக்குச் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஏரியைச் சுற்றிலும் ஊர்களாக இருக்கின்றன. எங்கே தங்குவது? அட்டவணை போட்டேன். பதினொரு தகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மார்க். எல்லா ஊரும் பாஸ். ஒன்றும் முதல் வகுப்பில் வரவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் உன் கண்தான் கண்.

அம்மா சௌக்கியம். உன் பேரை இன்னும் எடுப்பதில்லை. எடுக்காமல் இருப்பதற்கு நிறையப் பாடுபடுகிறாள்.

பிரியமுள்ள அப்பா,
மணிவாசகம்


டவுன்டவுன்
14 பிப்ரவரி 2006

அப்பா,

லெட்டர் வந்துச்சு. அரை மணி நேர கார் தூரத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டின ஒரே ஆள் நீங்கதான். லவ் லெட்டரான்னு ஷபானா கேட்டா. என் ரூம்மேட். ஆமான்னேன்.

மொதல்ல ஒண்ணு பேசிடறேன். அதைப் பேசாம என்னால ஏரிக்குள்ள எறங்க முடியாது. பார்மசி படிப்பை நான் மூணாவது வருஷத்துல விட்டேன். அம்மா கத்தினா, அழுதா, அப்புறம் அதைக்கூடப் பொறுத்துக்கிட்டா. பொறுக்காதது வேற. நான் வேலை பாக்கற ரெஸ்டாரன்ட் கிச்சன்ல மாட்டுக்கறி வெட்டுறேன்னு தெரிஞ்ச அன்னிக்கு, நான் வெச்ச சாம்பாரைக் குக்கரோட தூக்கி சிங்க்ல கொட்டினா. "நான் திங்கறதில்லம்மா, இன்னும் சைவம்தான்"னேன். "வாய் சைவம். கை?"ன்னா. நீங்க பேப்பரை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டீங்க. நான் பையை எடுத்துட்டு வந்துட்டேன். பதினாறு மாசம் ஆச்சு.

அவ இந்தக் கையால ஒரு வாய் சாப்பிடற வரைக்கும் நான் அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன். அவ சாப்பிடப் போறதும் இல்ல. சரி, அது கெடக்கட்டும்.

ஏரி.

அட்டவணையைக் கிழிச்சுப் போடுங்கப்பா. எனக்கு ஒரு வழி தெரியும். படத்தைப் பாத்துட்டு, வேலைக்குப் போற பஸ்ல கண்ணை மூடி, அந்த ஊர்ல ஒரு நாள் தங்கிப் பாக்கறது. ஷபானா கம்ப்யூட்டர்ல படம் நிறைய கெடைக்குது. ஏரி கவட்டை மாதிரி ரெண்டாப் பிரியுது. அந்தக் கவட்டுக்குள்ள உக்காந்திருக்கு பெலாஜியோ. எல்லாரும் அங்கதான் போறாங்களாம். நேத்து அங்க தங்கினேன். காலைல ஜன்னலைத் திறந்தா தண்ணில சத்தமே இல்ல. ஒரு படகு கோடு போட்டுட்டே போகுது. அந்தக் கோடு அழியறதைப் பாத்துட்டே நின்னேன், காபி ஆறிப்போச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சந்துக்குச் சந்து படி, படிக்குப் படி ஆளு, எல்லாரும் பட்டு ஸ்கார்ஃப் வாங்கறாங்க. அம்மா எல்லாக் கடையிலயும் ஏறி, துணியைத் தடவிப் பாத்து, "நம்ம காஞ்சிபுரம் கிட்ட நிக்க முடியுமா"ன்னுட்டு எறங்குவா. ஒரு வாரமும் அதுலயே போயிடும்.

பெலாஜியோ வேண்டாம். அடுத்த ஊர் நீங்க தங்கிப் பாத்துட்டு எழுதுங்க.

பூர்ணா


சென்ட் லோரன்ட்
2 மார்ச் 2006

அன்புள்ள பூர்ணா,

உன் கடிதத்தின் முதல் பாதியை மூன்று முறை வாசித்தேன். பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்தது உண்மை. அன்றைக்கு அதில் என்ன செய்தி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

உன் முறையை முதலில் கேலி செய்தேன். பிறகு செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில், விமானச் சக்கரத்தின் தேய்மானம் பற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருந்தபோது, கண்ணைத் திறந்து வைத்தபடியே மெனாஜ்ஜியோவில் தங்கிவிட்டேன். மேற்குக் கரை. காலை வெயில் நேராக முகத்தில் விழுகிறது. கரையோரம் முழுவதும் சமதளம், அம்மாவின் முழங்காலுக்குக் கஷ்டமில்லை. எலுமிச்சை மரத்தடியில் ஒரு பெஞ்சு. அம்மா அதில் உட்கார்ந்திருந்தாள். அரிந்து வைக்கக் காய் இல்லை, ஆய்ந்து வைக்கக் கீரை இல்லை. வெறுங்கை. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் மடியில் வைத்தாள், பிறகு பெஞ்சின் விளிம்பில் வைத்தாள், கடைசியில் என் சட்டைப் பொத்தானைச் சரி செய்தாள். தண்ணீர் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. "மணி, உன் அபிப்பிராயம் என்ன?" என்று மேலாளர் கேட்டார். "ஹோட்டல்" என்று சொல்லிவிட்டேன்.

அதுவே என் முடிவும். ஹோட்டல்தான். இருபத்தைந்து வருஷமாக அடுப்படியில் நிற்கிறவள் ஒரு வாரம் அடுப்பைப் பார்க்கவே கூடாது. மெனாஜ்ஜியோவில் நல்ல ஹோட்டல் ஒன்று பார்த்துச் சொல்.

பார்க்கும்போது, மூன்று பேர் படுக்கும் அறை இருக்கிறதா என்றும் பார்.

அப்பா


டவுன்டவுன்
15 மார்ச் 2006

அப்பா,

மூணாவது ஆள் யாரு? சித்தப்பாவா?

சுத்தி வளைக்காதீங்க. நான் வரமாட்டேன். ஒரே ரூம்ல நான் ஒரு கட்டில், அவ ஒரு கட்டில், நடுவுல நீங்க பேப்பர் பிடிச்சுக்கிட்டு. அதுவும் இத்தாலியன் பேப்பர்.

அப்புறம், ஹோட்டல்னு சொல்றீங்களே, நயாகரா மறந்துபோச்சா? ரூமுக்குள்ள ரைஸ் குக்கர் வெச்சு கடுகு தாளிச்சது யாரு? அலாரம் அடிச்சு, கீழ பார்க்கிங்ல அத்தனை பேர் பைஜாமாவோட நின்னாங்க, அம்மா மட்டும் கரண்டியோட நின்னா. மேனேஜர் வந்து என்ன ஆச்சுன்னு கேட்டப்போ நீங்க "ஹேர் டிரையர்"னீங்க. வழுக்கைத் தலையோட. ஹோட்டல்ல விட்டா ரெண்டு நாள் ரொட்டியும் தயிரும் சாப்பிடுவா, மூணாம் நாள் தலைவலின்னு படுத்துடுவா. அவளுக்குக் கிச்சன் இருக்கற வீடு வேணும்பா. சமைக்கணும்னு இல்ல. சமைக்கலாம்னு தெரிஞ்சாதான் அவளுக்குத் தூக்கமே வரும்.

எங்க கிச்சன்ல யோகேந்திரன் அண்ணைன்னு ஒருத்தர். யாழ்ப்பாணத்துக்காரர். நான் ஏரி ஏரின்னு பொலம்பறதைக் கேட்டுட்டு, "கோமோவோ? ஓம் பிள்ளை, தெரியும். எண்பத்தொம்பதில சுவிஸுக்குப் போறதுக்கு அந்தப் பக்கத்தாலதான் எங்களைக் கொண்டு போனவங்கள். ஒரு வான் வண்டிக்குள்ள பதினொரு பேர். ஏரியைப் பாத்தனான், படுக்கேல்லை"ன்னார்.

"எந்தக் கரை நல்லது அண்ணை?"ன்னேன்.

"பொலிஸ் இல்லாத கரை"ன்னார்.

எல்லாரும் சிரிச்சோம். அவர் ஒரு மூட்டை வெங்காயம் உரிச்சு முடிச்சார். அப்புறம் தானா சொன்னார்: "விடியேக்க ஒரு ஊர் தெரிஞ்சது. மலையில இருந்து வீடுகள் தண்ணிக்குள்ள இறங்கி வாற மாதிரி. ஆரோ ஒரு மனுசி ஜன்னலில துவாய் காயப்போட்டுக்கொண்டு நிண்டவ. எனக்கு அந்த வீட்டுக்குப் போகவேணும் போல இருந்தது, பிள்ளை. இவ்வளவு நாடு திரிஞ்சன், வேற ஒரு வீட்டுக்கும் அப்பிடித் தோணேல்லை." ஊர் பேர் தெரியாதாம். நான் படமெல்லாம் பிரிண்ட் எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். வரென்னா படத்துல விரலை வெச்சு, "இதாக்கும்"னார். இல்லாமயும் இருக்கலாம்.

வரென்னா கிழக்குக் கரை. மிலான்லருந்து ரயில் அங்கயே நிக்குது. சாயங்கால வெயில் கடைசி வரைக்கும் அங்கதான் கெடக்கும். நான் நாலு நாளா அங்கதான் தங்கறேன்பா, பஸ்ல ஸ்டாப்பைத் தாண்டிப் போயிடறேன். அங்க ஒரு வீடு வாடகைக்கு இருக்கு. ரெண்டு ரூம், ஒரு கிச்சன், கிச்சன் ஜன்னலுக்குக் கீழ நேரா தண்ணி. பாத்திரம் கழுவிட்டே ஏரியைப் பாக்கலாம். ஒரே குறை, அறுபது எழுபது படி ஏறணும். முழங்காலை நெனச்சா பயமா இருக்கு.

இதோட ஒரு பொட்டலம் வெச்சிருக்கேன். பருப்புப் பொடி. நான் வறுத்து அரைச்சது, எங்க ரூம்ல, புது மிக்ஸில. நீங்க ஆபீஸ்ல சாப்பிட. வேற எதுக்கும் இல்ல.

பூர்ணா


சென்ட் லோரன்ட்
10 ஏப்ரல் 2006

பூர்ணா,

ஒரு தப்பு செய்துவிட்டேன். நீ கோபப்படுவாய். முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

உன் பொடியை ஆபீஸில் ஒரு நாள் சாப்பிட்டேன். சாப்பிட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. இயந்திரத்தை நிறுத்தாமல் பாகத்தை மாற்றிப் பார்ப்பது எங்கள் வேலையில் வழக்கம். அதே புத்தி. அம்மா குளிக்கப் போன நேரத்தில், அவளுடைய பருப்புப் பொடி டப்பாவில் இருந்ததை எடுத்துவிட்டு உன்னுடையதைப் போட்டுவைத்தேன்.

எட்டு நாள் சாப்பிட்டாள். மூன்றாம் நாள், "இந்தத் தடவை பொடி எனக்கே வாய்ச்சிருக்கு" என்றாள். கோயிலில் றோசா அக்காவிடம் பக்குவம்கூடச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பதாம் நாள் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தவளிடம், "செண்பகம், அது உன் பொடி இல்லை, பூர்ணா அரைத்தது" என்று சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாலும் சரி என்று நினைத்தேன்.

கையைத் தட்டிலிருந்து எடுத்தாள். கழுவினாள். டப்பாவையும் கழுவிக் கவிழ்த்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். ஒரு வாரமாகச் சாப்பாடு மேசைக்கு வருகிறது, பேச்சு வரவில்லை.

ஏரி பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை. இனி எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. நேற்று எந்த ஊரிலும் தங்க முடியவில்லை. கண்ணை மூடினால் கவிழ்த்து வைத்த டப்பாதான் தெரிகிறது.

அப்பா


டவுன்டவுன்
18 ஏப்ரல் 2006

அப்பா,

ஏமாத்தி சாப்பிட வெச்சீங்களா?

கோவத்துல எழுதறேன், அதனால எழுத்து இப்படித்தான் இருக்கும். அவ சாப்பிட மாட்டேன்னா அது அவ இஷ்டம். எனக்கு அது வலிக்குது, அது வேற. ஆனா அவளுக்குத் தெரியாம அவ வாய்ல வெக்கறதுக்கு நான் அரைக்கல. நான் கேட்டது ஒரு வாய். தெரிஞ்சு. யார் கைன்னு தெரிஞ்சு, என் மூஞ்சியைப் பாத்துட்டு ஒரு வாய். நீங்க எட்டு நாள் திருடிக் குடுத்திருக்கீங்க. அதுல ஒரு வாய்கூட எனக்குக் கணக்கு இல்ல.

எனக்கு அவமேல இருந்த கோவம் பாதி உங்கமேல வந்துடுச்சு. மீதிப் பாதிக்கு என்ன பண்றதுன்னு தெரியல.

நீங்க கேட்டதுக்குப் பதில். மெனாஜ்ஜியோ. சமதளம். கரையை ஒட்டி, கிச்சன் வெச்ச ஒரு சின்ன வீடு இருக்கு, விலாசம் பின்னாடி எழுதியிருக்கேன். ரெண்டு பேருக்குப் போடுங்க. வரென்னாவை விடுங்க, படி ஆகாது. அங்க நான் தங்கினது போதும்.

இன்னொண்ணு. இந்த லெட்டர் எல்லாத்தையும் அவகிட்ட காட்டுங்க. உங்களுதை இதோட திருப்பி அனுப்பறேன், என்னுது உங்ககிட்டயே இருக்கு, எல்லாம். இதையும். சாம்பார் பத்தி எழுதினதையும் மறைக்கக் கூடாது. திருட்டுத்தனமா இனிமே ஒரு பொட்டலமும் வேண்டாம், ஒரு ஏரியும் வேண்டாம். அதுக்கப்புறம் அவ வந்தா கூட்டிட்டுப் போங்க.

பூர்ணா


வீடு, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
7 மே 2006

ஏட்டி பூர்ணா,

உங்கப்பா ரெண்டு வாரம் தயங்கித் தயங்கி, நேத்துத்தான் எல்லா லெட்டரையும் சாப்பாட்டு மேசையில கொண்டாந்து வச்சாங்க. வச்சிட்டு, மார்க் குறைஞ்சவன் மாதிரி ஓரமா நின்னாங்க. உக்காருங்கன்னேன். நான் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் உக்காரல.

பிப்ரவரியிலருந்து நான் எங்க தூங்கணும், எந்தப் பக்கத்து வெயில் என் மூஞ்சில விழணும், என் முழங்கால் எத்தனை படி ஏறும்னு அப்பாவும் மகளுமா தீர்மானம் பண்ணிருக்கீங்க. என்கிட்ட ஒருத்தர் கேக்கல. அவுக பொடியில செஞ்சதைத்தான் நீங்க ரெண்டு பேரும் ஏரியில செஞ்சிருக்கீங்க. நீ அவுகளைத் திட்டுதே. உன்னை யாரு திட்ட?

சாம்பாரைக் கொட்டினது நான்தான். குக்கரோட கொட்டிருக்க வேண்டாம். அன்னைக்கு நீ சாப்பிடாமப் போன.

பொடி நல்லா இருந்துச்சு. அதுதான் எனக்குத் தாங்கல. தெரியாம தின்னுட்டேனேங்கிறது ஒரு நாள் கோவம், அது போயிருச்சு. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேம்லா, நல்லா இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காதுல்லா, அதை நெனச்சு நெனச்சுத்தான் அவுககூடப் பேசல.

உன் கையால சாப்பிடுவியான்னு கேட்டா, இன்னைக்கு எனக்குத் தெரியலட்டி. பொய் சொல்ல வரல. மனசு சரிங்குது, தொண்டை சரிங்க மாட்டேங்குது. எனக்கு முன்னால எங்க வீட்டுல யாரும் இதைச் செஞ்சது கிடையாது. எப்படிச் செய்யணும்னு யாரைக் கேக்க?

நானா ஒண்ணு யோசிச்சிருக்கேன். புதுசா ஒரு கத்தியும் ஒரு பலகையும் வாங்கிப் பொட்டியில வச்சிருக்கேன். ஏரி வீட்டுக்கு மட்டும். வேற எதுவும் அதுல படல, படவும் கூடாது. மொத நாள் நீ காய் நறுக்கிக் குடு, நான் பொங்குதேன். ரெண்டாம் நாள் நீ தாளி. மூணாம் நாள் என்னன்னு மூணாம் நாள் பாப்போம். ஒரு வாரம் இருக்கு. ஹோட்டல்னா இதுக்கெல்லாம் எடம் ஏது?

மெனாஜ்ஜியோ வேண்டாம். வரென்னாதான். படி நான் ஏறிருவேன், நின்னு நின்னு ஏறுனா யார் வெரட்டப் போறா. நேத்து மத்தியானம் நானும் அங்க தங்கிப் பாத்தேன். கண்ணை மூடுறதுக்கு முன்னாலயே வந்துட்டு. துணி தொவைச்சு ஜன்னல்ல காயப்போட்டுக்கிட்டு நிக்கேன், கீழ ரோட்டுல ஒரு வான் போகுது. நில்லுங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கன்னு கூப்பிடணும்போல இருந்துச்சு. வான் போயிருச்சு. அந்த யோகேந்திரன் தம்பியை நான் கேட்டேன்னு சொல்லு.

பின்னால உங்கப்பா நின்னாங்க. உன்னைக் காணல. தேடுனேன்.

உங்கம்மா,
செண்பகம்


டவுன்டவுன்
15 மே 2006

அம்மா,

நீ சொன்னது கரெக்ட்.

கத்தி என்ன சைஸ் வாங்கின? சின்னதுன்னா மாத்திடு. எட்டு இன்ச் இல்லாம எனக்கு நறுக்க வராது. நீ தர்ற பலகைலதான் நறுக்குவேன், நீ சொல்ற அளவுலதான் நறுக்குவேன், ஆனா பக்கத்துல நின்னு "மெதுவா, மெதுவா"ன்னு சொல்லக் கூடாது. மூணாம் நாள் உன் தொண்டை மாட்டேன்னா நான் பையைத் தூக்கிட்டு ஓடமாட்டேன். மலைமேல இருக்கற வீட்டுலருந்து எங்க ஓடறது. நாலாம் நாளும் இருப்பேன்.

நீ ஜன்னல்லருந்து வானைக் கூப்பிடப் பாத்ததை யோகேந்திரன் அண்ணைகிட்ட சொன்னேன். கத்தியைத் துடைச்சு வெச்சார். அப்புறம், "அம்மாட்டச் சொல்லு, நான் நிண்டிருப்பன் எண்டு"ன்னார்.

செப்டம்பர்ல ஒரு வாரம் லீவு கேட்டேன். ஷெஃப் முடியாதுன்னான். பத்தொம்பது மாசமா, பண்டிகைக்குக்கூட நான் லீவு எடுக்கலடான்னு தமிழ்லயே கத்தினேன். குடுத்துட்டான்.

நேத்து காலைல தெரு முனைல இருக்கற தெப்பனர் கடைல போன் கார்டு வாங்கி, வாசல் பூத்துலருந்து வரென்னாவுக்கு நானே கூப்பிட்டேன். வீட்டுக்காரம்மாதான் எடுத்தாங்க. பின்னாடி ஏதோ பாத்திரச் சத்தம் கேட்டுச்சு, தண்ணிச் சத்தம்னு நெனச்சுக்கிட்டேன். அவங்களுக்கு இங்கிலீஷ் வராது, எனக்குக் கிச்சன்ல கத்துக்கிட்ட இத்தாலியன், பாதிக்கு மேல கெட்ட வார்த்தை. எப்படியோ தேதி சொன்னேன். எத்தனை பேர்னு கேட்டாங்க. ரிசீவரை இந்தக் காதுலருந்து அந்தக் காதுக்கு மாத்தினேன். அப்புறம் "த்ரே"ன்னேன். மூணு. ரொம்ப சத்தமா சொல்லிட்டேன்போல, ரோட்டுல போனவங்க திரும்பிப் பாத்தாங்க.

யார் பேர்லன்னு கேட்டாங்க. உன் பேர்தான் சொன்னேன். செண்பகம்னு ஒவ்வொரு எழுத்தா அவங்க எழுதிட்டிருக்கும்போதே கார்டு தீர்ந்து லைன் கட் ஆயிடுச்சு. வீடு நமக்குத்தானான்னு தெரியல. நாளைக்கு இன்னொரு கார்டு வாங்கிக் கூப்பிடறேன்.

ஆனா மூணுங்கறது அவங்க காதுல விழுந்துடுச்சும்மா.

பூர்ணா